குங்குமம் அப்பிய ஜப்பான் படம்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜப்பான் படம் மாட்டியிருக்கிறது. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தது. துறைமுகக் கரையில் ஒரு பழைய கோயில், தண்ணீரை ஒட்டிச் சிவப்பு வாசல், அப்பால் பாய்மரக் கப்பல்கள். வானத்தில் பெரிய எண்ணெய்க் கறை, கூரைமேல் குங்குமம். போன மாதம் வந்த ஒருவர், பக்குவமாகத் துடைத்தால் பழையபடி ஆகிவிடும் என்றார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நானும் அம்மாவும் பால்மரம் வெட்டினோம். விடிகாலையில் ஆபீசைக் கூட்டுவதும் அம்மாவின் வேலை. ஜப்பான் போய்வந்த துரை இந்தப் படத்தைக் கண்ணாடிகூடப் போடாமல் ஆசையாக ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். அம்மா நாகப்பட்டினத்தில் கடற்கரைக் கோயிலைக் கும்பிட்டுவிட்டுக் கப்பலேறியவள். கோயிலும் கடலும் கப்பலும் சேர்ந்திருந்தால் வேறென்ன நினைப்பாள்? துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கைகூப்பினாள், ஒரு செம்பருத்தியும் வைத்தாள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் துரை வருமுன் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் அந்தக் காலை வரிசையில், படத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் நிறுத்தினார்.

"ஒஞ் சாமிதானே? விழுந்து கும்புடு. இனிமே வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதுக்குப் பூச பண்ணணும். இது என் உத்தரவு."

அம்மா விழுந்தாள். வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பேர் ஜப்பான்காரி. பெற்ற மகள் நானும் வெட்கப்பட்டுத் தள்ளி நின்றேன். அதற்கும் சேர்த்துத்தான் அந்த மனுசனை வெறுத்தேன்.

அம்மா அழவில்லை. அது சாமி இல்லை என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை வந்தது. கிராணி வெளியே பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் உள்ளே படத்துக்கு நல்லெண்ணெய் பூசி, குங்குமத்தை அப்பி, தாளுக்கு வெகு அருகே கற்பூரம் காட்டினாள். துரை வந்து பார்த்துக் கத்திய கத்தலில் பெரட்டே அடங்கிப்போனது.

அம்மா பணிவாகச் சொன்னாள்: "கிராணியையா உத்தரவுங்க தொர."

பொய் என்றார் கிராணி. துரை வரிசையைக் கேட்டார். கிராணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அங்கே யாருமில்லை. எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "ஆமாங்க தொர. நாங்க எல்லாருமே கேட்டோம்."

அந்த வாரமே கிராணி தகரப்பெட்டியோடு மாட்டுவண்டி ஏறினார். அம்மா வழியில் நின்று, படத்தைக் கும்பிட்ட மாதிரியே அவரையும் கும்பிட்டாள். துரை குப்பையில் எறிந்த படத்தை நாங்கள் குடியிருந்த லயத்துக்கு எடுத்துவந்தாள். அதன்பிறகு அதை ஒருநாளும் கும்பிடவில்லை.

துடைக்கச் சொன்னவரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அந்தக் கூரைமேல் இருப்பது அம்மாவின் மூன்று விரல்கள். கிராணி செத்து எத்தனையோ வருஷமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.