அமாவாசையன்று கேட்ட சத்தம்

தறியை விற்று, டாக்சி ஓட்டலாமென்று ஒரு பழைய கார் வாங்கினேன். காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அமாவாசை வந்தது. அன்று யாரும் தறியில் உட்கார மாட்டோம். தெருவே அமைதியாக இருந்தது. காரைக் கிளப்பியதும் என்ஜினுக்குள் சுத்தியல் அடிப்பதுபோல் டொக் டொக்.

"உள்ள பேரிங் போயிருக்குதுபா" என்றார் மெக்கானிக்.

பாழாய்ப்போன தறிச் சத்தம் இத்தனை நாள் அதை மறைத்திருக்கிறது!

மாற்ற வக்கில்லை. திரும்பிப் போகத் தறியும் இல்லை. வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் காரை வாங்க வந்தார். அன்று வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தமே இல்லாம ஓடுதேபா!" என்றார். வாங்கும்போது நானும் இதையேதான் சொன்னேன்.

வாசலில் நின்ற மனைவி, பேசாமல் இருக்கும்படி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"சார், அமாவாசையன்னிக்கு வந்து இன்னொரு வாட்டி ஓட்டிப் பாருங்க" என்றேன்.