கண்ணை மூடியதால் நின்றுபோன விண்ணப்பம்

“கண்ணை மூடிக்கிட்டுப் பேசினா அது திருட்டுத்தனமா?”

ஊசியக்கா இப்படிக் கேட்டபோது, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் இருந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊசியக்கா என்பது குழந்தைகள் வார்டு வைத்த பெயர். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறார். குண்டுக் கையோ குச்சிக் கையோ, ரப்பர் பட்டையைக் கட்டியதும் கண்ணை மூடிக்கொள்வார். ஆள்காட்டி விரல் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்க்கும். கண்ணைவிட விரலைத்தான் நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி.

டாக்டருக்குப் படிப்பது பள்ளிக்கூடத்து ஆசை. தம்பி தங்கைகள் கரையேறிய பிறகுதான் மறுபடி புத்தகத்தைத் தொட்டார். இரண்டு வருடம் டியூட்டி முடிந்து வந்து படித்து, எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டார். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து, மருத்துவக் கல்லூரியில் சேரவும் டாக்டர்கள் மேற்படிப்புக்குப் போகவும் புதிதாக ஒரு வேலி போட்டார்கள். கேமரா தேர்வு. எதிரே ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும். கேமராவைப் பார்த்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். பேச்சையும் முகத்தையும் கம்ப்யூட்டர் எடைபோடும். நோயாளியிடம் பரிவு இருக்கிறதா என்று பார்க்கத்தானாம்.

வீட்டில் சத்தம் என்று ஆய்வகத்தின் ஸ்டோர் அறையில், பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே மடிக்கணினியோடு உட்கார்ந்தார். வாசலில் அவருடைய அப்பா காவல்.

மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ‘ஊசிக்குப் பயந்து குழந்தை அழுகிறது. நரம்பு கிடைக்கவில்லை. என்ன செய்வீர்கள்?’ பழக்கதோஷம், ஊசியக்கா தன் இடது கையை நீட்டி, கண்ணை மூடி, விரலால் தடவியபடியே பேச ஆரம்பித்தார். “நீ பாட்டுப் பாடுடா தங்கம், நான் மெதுவாத் தேடுறேன்.”

பத்து நாளில் முடிவு வந்தது. ‘பார்வை திரையை விட்டு விலகியது. வெளி உதவி பெற்றதாகச் சந்தேகம். மதிப்பிடப்படவில்லை.’

உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

“மேடம், சிஸ்டம் அப்படித்தான் காட்டுது.”

“அந்த ரெண்டு நிமிஷத்தை யாராவது பார்த்தீங்களா தம்பி?”

“பார்க்க ஆள் வேணாம்னுதானே மேடம் சிஸ்டமே வச்சிருக்காங்க.”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்கு பஸ் லைசென்ஸ் கொடுத்தவன்கூட பக்கத்துல உக்காந்து பார்த்தான். உசுரைக் காப்பாத்துற வேலைக்கு ஆள் எடுக்கிறவனுக்கு ரெண்டு நிமிஷம் இல்லையாம்மா?”

மறுநாள் காலை குழந்தைகள் வார்டின் இளம் டாக்டர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மேற்படிப்புக்காக அதே கேமரா தேர்வில் தேறியவர் அவர்.

“அக்கா, மூணு தடவை குத்திட்டேன், கிடைக்கலை. கொஞ்சம் வாங்களேன்.”

ஊசியக்கா போனார். கண்ணை மூடினார். ஒரே குத்தில் குழாயில் ரத்தம் ஏறியது.

டாக்டர் பஞ்சை எடுத்து நீட்டினார். “கேமரா தேர்வு கோச்சிங்ல ரெண்டு மாசம் கண்ணைச் சிமிட்டாமப் பேசப் பழக்கினாங்கக்கா.”

“அந்த முழியைப் பார்த்துத்தான் நரம்பு ஒளிஞ்சுக்கிச்சு போல,” என்றார் ஊசியக்கா. பிறகு தனக்கு வந்த முடிவைச் சொன்னார். சொல்லிக்கொண்டே குழாயில் குழந்தையின் பெயரை எழுதினார்.

அன்று மாலையே டாக்டர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தந்தார். இவர் வேலை செய்கிற விதமே இதுதான் என்று சாட்சி சொல்லும் கடிதம். அதை இணைத்து ஊசியக்கா மேல்முறையீடு செய்தார். மதிப்பெண் கேட்கவில்லை. ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்து அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். ‘பெறப்பட்டது’ என்று அந்த நொடியே பதில் வந்தது. அதை அனுப்பியதும் கம்ப்யூட்டர்தான்.

சேர்க்கைப் பட்டியலை இந்த மாதக் கடைசியில் மூடிவிடுவார்கள்.

ஊசியக்காவின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அது திருட்டுத்தனம் இல்லை. வேலை தெரிந்தவர் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்கு அந்தத் தேர்வை நடத்தும் அலுவலகத்தில் யாரையாவது தெரிந்திருக்கலாம். பதிவு இரண்டே நிமிடம்தான்.