நான் ஏறாத மாடி

வீட்டு மாடியில் சோலார் போடுகிறவர்களுக்கு அரசு மானியம் கொடுக்கும் திட்டம் வந்தபோது, அருப்புக்கோட்டைப் பக்கத்து மின்சார அலுவலகம் ஒன்றில் நான் பொறியாளராக இருந்தேன். மனுக்களைச் சரிபார்ப்பதும், பேனல் மாட்டிய பிறகு நேரில் போய்ச் சோதித்துச் சான்று கொடுப்பதும் என் வேலை. என் கையெழுத்து விழுந்தால்தான் மானியம் வரும்.

மார்ச் மாதக் கடைசி. கணக்கு முடிவதற்குள் இத்தனை வீடு என்று மேலிடத்தில் நெருக்கினார்கள். ஒரே நாளில் ஏழு வீடு. ஏழாவது, திருச்சுழி போகும் வழியில் கருவேலங்காட்டை ஒட்டிய சின்னக் காரைவீடு. மாடிக்குப் படி கிடையாது. சாத்தியிருந்த இரும்பு ஏணியைத் தொட்டால் கை பொசுங்கியது. பேனல் மாட்டிய கம்பெனிக்காரர் தன் செல்போனை நீட்டினார்.

"போல்ட்டெல்லாம் நல்லா இறுக்கியிருக்கு மேடம். போட்டோ இருக்குல்ல, நீங்க வேற எதுக்கு வெயில்ல ஏறிக்கிட்டு?"

வீட்டுக்கார அக்கா சொம்பில் தண்ணீர் தந்தார். குடித்துவிட்டு, வாசலில் நின்றபடியே, 'பேனல் தாங்கும் சட்டம் உறுதியாக உள்ளது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஆடிக் காற்று அந்தச் சட்டத்தைப் பெயர்த்துக் கீழே போட்டது. முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அக்காவின் வலது கை மேல் விழுந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு ஒரு மேலதிகாரி வந்தார். நானும் கூடப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் அவர் கேட்டார்.

"இந்த மேடம் மாடியில ஏறிப் பாத்தாங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"ஏறுனாக. ஒவ்வொரு கம்பியா ஆட்டிப் பாத்துட்டுத்தான் எறங்குனாக."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் ஜீப்பில் ஏறப் போன நேரத்தில் அக்காவிடம் குனிந்து, "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"ஒங்களுக்காகச் சொல்லல. ஏறலேன்னு சொன்னா சான்று செல்லாது, வந்த மானியத்தைத் திருப்பிக் கேப்பாகன்னு அந்தக் கம்பெனிக்காரரு சொன்னாரு. கையும் போயி, அதுவும் போனா நாங்க எங்கிட்டுப் போறது?"

அப்படி ஒரு விதியே இல்லை. திட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். ஜீப் ஹாரன் அடித்தது, போய் ஏறிக்கொண்டேன்.

சோதனை முறையாக நடந்ததாகவும் விபத்துக்குக் காற்றே காரணம் என்றும் அறிக்கை வந்தது. கம்பெனிக்காரர் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்று ஆனது. அந்தக் காகிதத்தைக் கோப்பில் சேர்த்தவளும் நான்தான்.

தை மாதம் ஒருநாள் தனியாகப் போனேன். அக்கா இடது கையால் கோழிக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தார். மானியத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், அது அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

இறைப்பதை நிறுத்தினார்.

"தெரிஞ்சுக்கிட்டேவா ஜீப்புல ஏறுனீக?"

"ஆமாக்கா."

"போயிருங்க. எங்க வீட்டுக்காரரு வயக்காட்டுல இருந்து வார நேரம். அவுக காதுல இது விழுந்தா என்ன செய்வாகன்னு எனக்கே தெரியாது."

அந்த வாரமே, மாடியில் ஏறாமல் சான்று கொடுத்தேன் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். குற்றக் குறிப்பாணை வந்தது. சம்பள உயர்வை நிறுத்தி, வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். மறுவிசாரணைக்கு ஆள் போவதற்குள் கம்பெனிக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டிருந்தார். அவரைத் தேடிக்கொண்டிருப்பதாகத்தான் இன்றுவரை பதில் வருகிறது.

நான் ஏறவில்லை என்று அக்கா இரண்டாவது முறை கொடுத்த வாக்குமூலத்தின் நகல் எனக்கும் வந்தது. மானிய மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தவர்; இதில் கீழே, இடது கைப் பெருவிரல் ரேகை.