சில்லறை விருதுகள்

என் அக்கா வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பு இயந்திரத்துக்குள் ஒரு பக்கம் இரண்டு பேர் விட, மறுபக்கம் இரண்டு பேர் இழுத்து மடிக்க வேண்டும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும். அதனால் வீட்டுக்கு வந்தாலும் அவள் குரல் இறங்குவதில்லை. உப்பை எடு என்று அவள் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அங்கே அவளுக்குப் பெயர் கமிட்டி. ஒவ்வொரு வருடமும் திரைப்பட விருது விழாவுக்கு முன்பே யாருக்கு எந்த விருது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மடிக்கும் மேசையைச் சுற்றி நின்று எல்லோரும் கேட்பார்கள். நிஜ விருது வேறு யாருக்காவது போனால் தப்பு செய்தது விருது கொடுத்தவர்கள்தான், அக்கா இல்லை. இரண்டு தீர்ப்பும் என்றைக்காவது ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளும் இல்லை அவள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நடிகர். மற்ற வீடுகளில் பெண்கள் 'அவர்' என்றால் புருஷனைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அக்கா வீட்டில் 'அவர்' என்றால் அந்த நடிகர். அத்தானுக்கு 'பாப்பா அப்பா' என்ற பதவியோடு சரி. "அவருக்கு உடம்பு சரியில்லையாம்" என்று அக்கா கண் கலங்கும்போது அத்தான் பாட்டுக்குச் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அந்த நடிகருக்குச் சிறந்த நடிகர் விருது ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அவர் படங்களைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் கை நனைக்க முடியாது.

விழா பார்ப்பதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. நடிகர், நடிகை, இயக்குநர், இசை, இவற்றுக்குத்தான் உட்காருவாள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, உடை, ஒலி என்று ஆரம்பித்தால், "சில்லறை அவார்டு வந்தாச்சு" என்று எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். பெரிய விருது வரும்போது அவளைக் கூப்பிட வேண்டியது பாப்பாவின் பொறுப்பு.

பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். அக்காவின் ஒரே மகள், வேலைக்குப் போகிறவள். அவள் போய்ச் சேர்ந்ததே அந்தச் சில்லறையில்தான். படத்தில் ஒருவர் நடக்கும் ஓசை, தாழ்ப்பாள் விழும் ஓசை, துணி உரசும் ஓசை எல்லாம் படப்பிடிப்பில் சரியாகப் பதிவாகாதாம். ஒலிக்கூடத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே அவற்றை மறுபடி உண்டாக்குகிறவர்களில் அவளும் ஒருத்தி. வீட்டில் செருப்பு காணாமல் போகும், பழைய பூட்டு காணாமல் போகும். தேடினால் ஒலிக்கூடத்தில் இருக்கும். "இவ்வளவு படிச்சுட்டு, கடைசியில செருப்பைத் தட்டுற வேலையா?" என்று அக்கா கேட்பாள். பாப்பா சிரித்துவிட்டுப் போவாள். அது சிரிப்புதானா என்று நாங்கள் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இந்த வருடம் பாப்பா வேலை செய்த ஒரு சின்னப் படம் ஒலிக்கான விருதுப் போட்டியில் இடம்பிடித்தது. அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அது வெளியான அன்றைக்கேதான் அவர் படமும் வெளியானது. அக்கா லீவு போட்டுவிட்டுப் போனது எந்தப் படத்துக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மகள் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பாப்பா வற்புறுத்தவில்லை. விழாவுக்கு முந்தின நாள் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு எங்க அவார்டு வர்றப்போ மட்டும் எழுந்து போயிடாதம்மா."

"போவேனாடி? உன் அவார்டு வர்றப்போ எனக்குப் பாத்திரமா முக்கியம்?" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. ஒலிக்கூடத்தின் தலைவருக்கு மட்டும்தான் அரங்கில் இடம். கீழே வேலை செய்கிறவர்களுக்கு வீட்டு சோபாதான். அந்த சோபாவிலேயே பாப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் நான். அத்தான் வழக்கம்போல் தன் நாற்காலியில்.

துணை நடிகை விருது வாங்கியவர் மேடையில் தேம்பித் தேம்பி அழுதார். "இந்த அழுகையைப் படத்துல அழுதிருந்தா படமாவது ஓடியிருக்கும்" என்றாள் அக்கா. இசைக்கு வாங்கியவர், எல்லாம் கடவுள் செயல் என்றார். "அப்ப கடவுளையே மேடைக்குக் கூப்பிட வேண்டியதுதானே?" அக்காவின் நடிகர் படம் ஏகப்பட்ட பிரிவுகளில் போட்டியில் இருந்தது. ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போனது. உடைக்கான விருதும் போனபோது, "ஒண்ணே ஒண்ணாவது குடுங்கடா பாவிங்களா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். சில்லறை விருதுகள் எப்போதோ ஆரம்பித்துவிட்டன. சொன்னபடி அவள் எழுந்து போகவில்லை. பாப்பா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். நானும் கவனித்தேன்.

ஒலிக்கான விருது வந்தது. போட்டியில் இருந்த படங்களிலிருந்து ஒவ்வொரு துண்டுக் காட்சியாகக் காட்டினார்கள். பாப்பாவின் படத்தில் வயதான ஒருவர் வெறுங்காலோடு மாடிப்படி ஏறினார்.

"அந்தக் கால் சத்தம் நான்தாம்மா" என்றாள் பாப்பா.

"அப்படியா?" என்றாள் அக்கா. அதற்குள் அடுத்த படத்தின் காட்சியில் அக்காவின் 'அவர்' வந்துவிட்டார்.

உறையைப் பிரித்துப் படத்தின் பெயரைச் சொன்னார்கள். அக்கா துள்ளி எழுந்தாள்.

"அடி சக்கை! குடுத்துட்டாங்கடி! அவர் படத்துக்குக் குடுத்துட்டாங்க!"

படபடவென்று கை தட்டினாள். சலவை நிலையத்துக் குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை நின்றது. அத்தான் செய்தித்தாளை மடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. மகள் தோற்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவள் மகளை நினைக்கவே இல்லை. அதுதான் கொடுமை.

"பாப்பா... நான் ஏதோ ஞாபகத்துல..."

"பரவாயில்லம்மா. அவங்களும் நல்லாத்தான் பண்ணியிருந்தாங்க." பாப்பா அழவில்லை. சட்டையின் கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டாள். "அந்தக் குழுவுலேர்ந்து என்னைக்கூடக் கூப்பிட்டாங்க. அவரோட அடுத்த படத்துக்கு. வரலைன்னு சொல்லிட்டேன்."

"யாரோட படத்துக்கு?"

"அவரோட படத்துக்குத்தான்."

அக்காவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. "பைத்தியமாடி உனக்கு? அவர் படத்தைப் போய் யாராவது வேணாம்பாங்களா? இங்க நான் ஒருத்தி கிடந்து தவிக்கிறேன், நீ பாட்டுக்கு..."

"அவர் படம்னா நீ அவர் மூஞ்சியைத்தாம்மா பார்த்துக்கிட்டிருப்பே. நான் எத்தனை செருப்பைத் தட்டினாலும் உன் காதுல விழாது. வேற படம்னா என்னைக்காவது ஒருநாள் நீ காது குடுத்துக் கேப்பேன்னு இருந்தேன்."

சண்டைக்காகச் சொன்ன மாதிரி இல்லை. நாளைக்கு மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

விளம்பரம் முடிந்தது. அடுத்து சிறந்த நடிகர் என்றார் தொகுப்பாளர். முன்வரிசையில் கறுப்புக் கோட்டில் அவர் உட்கார்ந்திருப்பதைத் திரை நிறையக் காட்டினார்கள். அக்கா ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தைக் கூட்டப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் டிவியை அணைத்துவிட்டாள்.

"பாப்பா, உன் படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது? நாளைக்கு லீவு போட்டுட்டுப் போறேன்." அக்காவுக்கு இவ்வளவு சின்னக் குரல் ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"எப்பவோ தூக்கிட்டாங்கம்மா" என்றாள் பாப்பா. "ஒரு வாரம்தான் ஓடுச்சு. டிவிக்கும் இன்னும் யாரும் வாங்கலை."

அக்கா ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.