கழுவாத கத்தரி

எங்கள் ரோஜாச் செடிகளின் அடித்தண்டில் மஞ்சள் கிழங்கு போல முண்டு முண்டாகப் புடைத்தபோது அம்மாவுக்கு ஒரே ஒருவர்மேல்தான் சந்தேகம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பூதான் பிழைப்பு. நடுவே ஒரு முள்வேலி.

“போன மாசம் அம்புட்டு நேரம் செடியவே பாத்துக்கிட்டு நின்னா. அப்பவே நினைச்சேன்,” என்றாள் அம்மா.

எட்டு வயதில் எனக்கு அது போதுமானதாக இருந்தது. வேவு பார்க்க வசதியும் இருந்தது. பெரியப்பா வாங்கிய கவாத்துக் கத்தரிதான் இரண்டு தோட்டத்துக்கும். அப்பா எங்கள் செடிகளை வெட்டி முடித்ததும் அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஆயுத பூசையில் வைத்த சந்தனமும் குங்குமமும் தானாக உதிரும்வரை கத்தரியில் தண்ணீர் படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒருமுறை பெரியம்மா அதைக் கழுவப் போனபோது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். செடியடியில் செய்வினை வைத்த எலுமிச்சம்பழம், சாம்பல், முடி என்று ஏதாவது தென்படுகிறதா என்றும் பார்த்து வைத்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

ஒருநாள் பெரியம்மா எங்கள் செடியடியில் குனிந்து அந்த முண்டைத் தடவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கத்தரி மட்டும் என் கையில் போய் வந்துகொண்டிருந்தது. பெரியம்மா தலை பின்னிவிடுவது நின்றுபோனதில் எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

பொங்கல் கழிந்ததும் பெரியம்மாவின் செடிகளிலும் முண்டு வந்தது.

“யாரும் தன்னைச் சொல்லிரக் கூடாதுன்னு தன் செடிக்கும் வச்சுக்கிட்டா,” என்று அம்மா அதற்கும் விளக்கம் வைத்திருந்தாள்.

அப்பா கூப்பிட்டு விவசாய அதிகாரி வந்தார். முதலில் பெரியம்மா வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்ததால் அவரையும் நான் நம்பவில்லை. அவர் ஒரு முண்டைக் கீறிப் பார்த்தார்.

“இது பாக்டீரியா நோய்ம்மா. வாங்குன கன்னுலயே இருந்திருக்கும். வெட்டுற கத்தரி வழியா மத்ததுக்கும் பரவிருச்சு. முண்டு வந்ததையெல்லாம் பிடுங்கி எரிச்சிருங்க. கத்தரியக் கழுவுறதுண்டா?”

பெரியம்மா வேலியோரம் வந்து நின்றிருந்தாள். அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஒரு தடவகூட இல்ல சார். ரெண்டு தோட்டத்துக்கும் நான்தான் கொண்டு போவேன். பெரியம்மா கழுவப் போனப்பக்கூட விடல.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல் மீறாத பிள்ளை என்று இரண்டு பேரில் யாராவது ஒருவர் என்னைப் பாராட்டுவார்கள் என்று வெகுநேரம் அங்கேயே நின்றேன்.