பாதி துடைத்த எக்ஸ்ரே படத்தோடு சங்கரன்கோவிலில் ஒரு நாள்

சங்கரன்கோவிலுக்கு எல்லோரும் சாமி கும்பிடப் போவார்கள். நான் ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். எண்பதுகளின் நடுவில், அந்த ஊர்க் கோயிலின் பெரிய திருவிழாவான ஆடித்தபசுக்கு நான்கு நாள் முந்தி. அப்போது வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக லேசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் பேராசிரியருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். தலைபோகிற வேலை இருந்தாலும் தபசுக்கு லீவு போட்டுவிடுவார். என் கட்டுரையோ அவர் கையெழுத்தோடு எட்டு நாளைக்குள் கருத்தரங்குக்குப் போய்ச் சேர வேண்டும்.

என்ன கட்டுரை என்று சொல்லிவிடுகிறேன். பலமான லேசர் ஒளியை, கண் இமைப்பதைவிடப் பல கோடி மடங்கு குறைந்த நேரத்துக்கு, குண்டூசித் தலையைவிடச் சிறிய இடத்தில் செப்புத் தகட்டின் மேல் பாய்ச்சுவோம். அந்த இடத்துச் செம்பு பல லட்சம் டிகிரி சூடாகும். நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் இருப்பது அந்த மாதிரிப் பொருள்தான். அதற்குள் தெர்மாமீட்டர் வைக்க முடியாது; அது உமிழும் எக்ஸ்ரேயைப் படம் பிடித்துத்தான் சூட்டைக் கணக்குப் போட வேண்டும். என் கேமராவில் இரண்டு ஊசித்துளைகள். வெளிச்சம் நுழையாமல் எக்ஸ்ரே மட்டும் நுழைய, ஒன்றை மெல்லிய அலுமினியத் தாளாலும் மற்றதைக் கனத்த தாளாலும் மூடியிருந்தேன். நான்கு வருடப் பாட்டுக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு படம். மெல்லிய தாள் பக்கம் கருகருவென்று ஒரு பெரிய புள்ளி; கட்டுரை முழுக்க அதை வைத்துத்தான். மறுநாளே லேசரின் கண்ணாடித் தண்டு விரிசல் விட்டுவிட்டது. வேறு படம் எடுக்க ஆறு மாதமாவது ஆகும்.

மதுரையில் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். எட்டு மணிக்கு ராஜபாளையம். அங்கே பஸ் மாறினால் சங்கரன்கோவில் சுமார் முப்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். தபசுக் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றேன். படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

"அந்த அட்டைய மேல போடுங்க அண்ணாச்சி, இடிக்குதுல்லா" என்றார் கண்டக்டர்.

"கசங்கிரும்ங்க."

"சாமி படமா?"

"கிட்டத்தட்ட" என்றேன். அதற்குப் பிறகு அவரே எனக்கு இடம் ஒதுக்கித் தந்தார்.

9.40க்கு இறங்கினேன். லாட்ஜ் எதிலும் அறை இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பேராசிரியர் சார் வீடு பத்து நிமிட நடை. இட்லி போட்டுவிட்டு, பன்னிரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"அந்த மெல்லிசுத் தாள்ல பொத்தல் இருந்து, வெளிச்சம் புகுந்திருந்தா? இது எக்ஸ்ரேதான்னு எத வச்சுச் சொல்லுதீரு வே?"

துளைக்கு முன்னால் கண்ணாடி வைத்து இன்னொரு தடவை சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி வெளிச்சத்தை விடும், எங்கள் எக்ஸ்ரேயை விடாது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது நான்தான். சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

விளக்குப் பெட்டியில் வைத்தாவது பார்ப்போம் என்று கோயில் பக்கத்தில் ஓர் எக்ஸ்ரே நிலையத்துக்குக் கூட்டிப்போனார். படம் எடுக்கிறவர் பெயர் கோமதி. என் வயதுதான் இருக்கும். வெறுங்காலோடு வேகமாக வந்தார்.

"ஆடிச்சுத்து நூத்தியெட்டு நேர்ந்திருக்கேன் சார். எழுவதுதான் ஆச்சு. வெரசாச் சொல்லுங்க."

கோயிலைச் சுற்றுகிற நேர்ச்சை அது. வந்த விஷயத்தைச் சொன்னேன். படத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஆஸ்பத்திரி ஃபிலிம்லா? ரெண்டு பக்கமும் மருந்து பூசினது."

ஆமாம். வெளிச்சமோ எக்ஸ்ரேயோ பட்ட இடத்தில் அந்த மருந்து கறுக்கும். எங்கள் தனி ஃபிலிம் வந்து சேராததால் இதைப் போட்டிருந்தேன்.

"உங்க எக்ஸ்ரே நடுவுல உள்ள பிளாஸ்டிக்கத் தாண்டுமா?"

"தாண்டாது. அவ்வளவு பலம் இல்லை."

"அப்போ முன்பக்கம்தான விழணும்? வெளிச்சம்னா ரெண்டு பக்கமும் விழும். வீணாப்போன படத்தையெல்லாம் பிளீச்சிங் பவுடர்ல கழுவித்தான் நாங்க ஜன்னலுக்கு ஒட்டுதோம். பின்பக்க மருந்த மட்டும் பாதி தொடச்சுப் பாத்துருவமா?"

இருப்பதே ஒரு படம். சாரைப் பார்த்தேன். "உம்ம படம், உம்ம முடிவு" என்று சொல்லிவிட்டார். எது முன்பக்கம் என்று தெரிய, இருட்டிலேயே ஒரு மூலையை வெட்டி வைத்திருந்தேன். அதைக் காட்டி, "துடைங்க" என்றேன்.

கோமதி பஞ்சை நனைத்து, பின்பக்கத்தின் கீழ்ப்பாதியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை துடைத்தார். விளக்கில் வைத்தோம். என் பெரிய புள்ளியின் கீழ்ப்பாதி வெளுத்துக் கிடந்தது. அது பொத்தல் வழியாகப் புகுந்த வெளிச்சம்! நான்கு வருடம் போச்சு என்று நினைத்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இது என்ன சார்? இது போவலியே" என்றார் கோமதி.

கனத்த தாள் பக்கம், கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு சாம்பல் புள்ளி. தூசி என்று நினைத்து, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சார் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே சாம்பல் நிறம். பின்பக்கத்தில் அது விழவே இல்லை; அப்படியானால் எக்ஸ்ரேதான்.

"இதுதான் வே உம்ம செம்பு" என்றார் சார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. 2.20க்கு சார் கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லத் தேடினால், கோமதி பாக்கிச் சுற்றை முடிக்கப் போய்விட்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: தபசு சமயத்தில் அறையை நம்பிப் போகாதீர்கள், தெரிந்தவர் வீடு இருந்தால் உத்தமம். ராஜபாளையத்தில் இடம் இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நில்லுங்கள். ஆடி வெயிலில் பகலில் சுற்ற வேண்டாம், கல் தரை காலைப் பொரித்துவிடும். கோமதி மட்டும் எப்படிச் சுற்றினார் என்று இன்றுவரை தெரியாது.

ஆய்வேட்டில் அந்தப் படத்தைத் துடைத்தபடியே அச்சிட்டேன். பாதி வெளுத்த பெரிய புள்ளியை வெட்டிவிடு, அசிங்கமாக இருக்கிறது என்றார்கள் நண்பர்கள். நான் வெட்டவில்லை. அது வெளுத்ததால்தான் பக்கத்தில் இருந்த சின்னப் புள்ளியை எல்லோரும் நம்பினார்கள்.