ஐந்தாம் மாதம் வரை

பாக்கியலக்ஷ்மி என் தம்பி சங்கிலிப்பாண்டியின் பெண்டாட்டி. கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடிச் சுக்குக் கிடங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரிப்பவள். பூச்சி அரித்த துண்டை ஒரே பார்வையில் கண்டுபிடித்து வீசிவிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதற்காக நான் அவளைப் பேசாத பேச்சில்லை. என் வாய் அப்படி, எனக்கே பிடிக்காது.

தொண்ணூற்றேழில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. அடுத்த மாதமே ரவிக்கை நனைந்தது. கிடங்குக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தேன். பாலேதான்.

“மதினி, அவுககிட்ட சொல்லிரவா?”

“புருசன்கிட்ட சொல்லு. வேற ஈ எறும்புக்குக்கூடத் தெரியக்கூடாது. அஞ்சு மாசம் ஆகட்டும். ஆஸ்பத்திரியில போய் உக்காந்தா மட்டாஞ்சேரி பூராவும் தெரிஞ்சிரும்.”

எங்கள் வீடுகளில் தலைப்பிள்ளையை ஐந்து மாதம்வரை வெளியே சொல்வதில்லை, கண் பட்டுவிடும். ஒன்பது வருடம் கழித்து வந்ததாயிற்றே, நான் கூடுதலாகவே காவல் காத்தேன். தலை வலிக்கிறது என்றாள். மசக்கை என்றேன். வயிறு தெரியவில்லையே என்றாள். தலைச்சன் அப்படித்தான் என்றேன். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள், பக்கத்து மூட்டையில் தடுக்கி விழுந்தாள். சுக்குத் தூசியில் எங்கள் எல்லாருக்குமே கண் எரியும். அதனால் தூசி என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, படுபாவி.

ஐந்தாம் மாதம் கை நிறைய வளையல் அடுக்கினோம். அன்று சாயா கிளாஸை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் கை வேறெங்கோ துழாவியது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“சேச்சி, வயற்றில குட்டி இல்லா” என்றார் டாக்டர்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், கண் நரம்பை முட்டிக்கொண்டு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லையாம். ஆனால் மாதவிலக்கை நிறுத்தியதும் பாலைச் சுரக்க வைத்ததும் அதுதான். பாக்கியம் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

மாத்திரையில் கட்டி சுருங்கும், பார்வை பிழைத்துவிடும் என்றார்கள். பால் நின்றது, ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. கட்டி மட்டும் இருந்தபடியே இருந்தது. கடைசியில் மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே மீன்முட்டை மாதிரி செம்மஞ்சள் மணிகள் இருந்தனவாம். அமிலாய்டு என்று டாக்டர் பெயர் சொன்னார். கட்டி சுரந்த புரதம் வெளியேறாமல் உள்ளேயே கெட்டிப்பட்டுப் படிந்துவிட்டது. மாத்திரை கட்டியின் அணுக்களைச் சுருக்குமே தவிர அந்தப் படிவைக் கரைக்காது. கண் நரம்பு அதற்குள் செத்துவிட்டது, பார்வை திரும்பவில்லை.

“முந்தியே வந்திருந்தா?” என்று கேட்டேன்.

கொஞ்சமாவது பார்வை மிஞ்சியிருக்கும் என்றார்.

அவள் என்னை ஒருநாளும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், “நீங்க சாப்டீங்களா மதினி” என்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கட்டி போனபின் உடம்பு வழிக்கு வந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் நிஜமாகவே உண்டானாள். பெண் குழந்தை. துணியில் சுற்றி நான்தான் அவள் கையில் வைத்தேன். நெற்றி, மூக்கு, உதடு என்று விரலால் தடவிக்கொண்டே வந்தாள். இமைமேல் விரல் நின்றது.

“மதினி, பிள்ளைக்குக் கண்ணு தெரியுதா?”

‘தெரியாம என்ன’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“அதை நான் சொல்லக்கூடாது பாக்கியம். டாக்டரைக் கூட்டிட்டு வாறேன்.”